ஸ்கீ-டூ, பொலாரிஸ், ஆர்க்டிக் கேட், யமஹா: முதல் ஸ்னோமொபைலாக எதை வாங்கலாம்?

கேட்டவர் கனடாவின் வடக்கு ஒன்டாரியோவுக்குப் புதிதாகக் குடிவந்தவர். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல் பிராண்டுகளான இந்த நான்கில் ஓட்டச் சுலபமானது எது, எடை குறைந்தது எது, அடிக்கடி பழுதாகாதது எது என்று கேட்கிறார். நான் அதே பகுதியில் இருக்கும் சட்பரியில் ஒன்பது பனிக்காலங்களாக ஓட்டுகிறேன். மெக்கானிக் அல்ல. மூன்று வண்டிகளைச் சொந்தமாக வைத்திருந்தேன். நண்பர்களின் வண்டிகளையும் வாங்கி ஓட்டிப் பார்த்திருக்கிறேன்.

எடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வாங்கும்போது அதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. இரண்டாவது பனிக்காலத்தில், நண்பரின் பழைய நான்கு ஸ்ட்ரோக் வண்டியை ஒரு ஏரியின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போனேன். மேலே பார்த்தால் பால் போன்ற பனி. அடியில் ஒரு முழ ஆழத்துக்குச் சேறு மாதிரி ஈரப்பனி. கொட்டிய பனியின் பாரத்தில் பனிக்கட்டி அமுங்கி, விரிசல் வழியாகத் தண்ணீர் மேலே வந்துவிடும். மேலே கிடக்கும் பனி போர்வை போல மூடியிருப்பதால் அது உறையாது. அதற்குள் போனால் வேகத்தைக் குறைக்கக் கூடாது என்பது பாலபாடம். நான் பயந்து கட்டைவிரலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டி அப்படியே உட்கார்ந்துகொண்டது. இரண்டு பேராகப் பின் பம்பரைப் பிடித்து இழுத்தோம், அசையவில்லை. கரையிலிருந்து தேவதாருக் கிளைகளை வெட்டிக்கொண்டு வந்து டிராக்குக்கு (வண்டியை நகர்த்தும் ரப்பர் பட்டை) அடியில் திணித்து வெளியே எடுக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அதற்குள் டிராக்கில் ஒட்டியிருந்த ஈரம் கல்லாக இறுகிவிட்டது. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துக் கோடாரியின் பின்பக்கத்தால் தட்டித் தட்டி உதிர்த்தோம். அன்று முதல் எடையைத்தான் முதலில் பார்க்கிறேன்.

விளம்பரத் தாளில் இருப்பது பெரும்பாலும் 'உலர் எடை'. அதாவது பெட்ரோல், ஆயில், கூலன்ட் எதுவும் ஊற்றாத வண்டியின் எடை. 40 லிட்டர் பெட்ரோல் மட்டுமே 30 கிலோ வரும். அதன் மேல் நீங்கள், உங்கள் பை, டிராக்கில் ஒட்டும் பனி. 600, 650 சிசி இரண்டு ஸ்ட்ரோக் டிரெயில் (பனிப் பாதை) வண்டிகளின் உலர் எடை சுமார் 200 முதல் 220 கிலோ. ஸ்கீ-டூவுக்கும் பொலாரிஸுக்கும் இதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. ஐந்தாறு கிலோவுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உண்மையான வித்தியாசம் பிராண்டில் இல்லை, எஞ்சினில் இருக்கிறது. யமஹா சைட்வைண்டர் போன்ற நான்கு ஸ்ட்ரோக் டர்போ வண்டிகள் 250 கிலோவை எளிதாகத் தாண்டும். அந்தக் கூடுதல் எடையில் பெரும்பகுதி முன்பக்கம் இருப்பதால் வளைவில் மூக்கு நேராகவே போகப் பார்க்கும்.

ஓட்டும் சுகம் என்று வந்தால் என் ரசனையைச் சொல்கிறேன், சண்டைக்கு வராதீர்கள். 2003ல் ஸ்கீ-டூ தன் 'ரெவ்' சேஸிஸில் (வண்டியின் சட்டகம்) ஓட்டுநரை முன்னால் நகர்த்தி, முழங்காலை மடக்கி உட்கார வைத்தது. மற்றவர்களும் பிறகு அந்த வழிக்கே வந்தார்கள். இன்றும் ஸ்கீ-டூ வளைவில் சாயாமல் தட்டையாக நிற்கிறது, ஹேண்டில்பாரும் லேசாகத் திரும்புகிறது. பொலாரிஸின் 'மேட்ரிக்ஸ்' சேஸிஸுக்கு ஒல்லியான உடல். இரண்டு முழங்கால்களாலும் வண்டியைக் கவ்விக்கொள்ளலாம், திருப்பினால் சட்டென்று திரும்பும். எனக்குப் பிடித்தது அதுதான். என் மனைவிக்கு அது படபடப்பாக இருக்கிறதாம். அவர் ஸ்கீ-டூ கட்சி.

வண்டி நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் இழுக்கிறது என்று பிராண்டைத் திட்டுபவர்களைப் பார்க்கலாம். பெரும்பாலும் குற்றவாளி ஸ்கீயின் (முன்னால் இருக்கும் சறுக்குக் கட்டை) அடியில் இருக்கும் கார்பைடு கம்பிதான். முன்னால் போனவர்களின் தடத்துக்குள் அது விழுந்துவிடுகிறது. இரட்டைக் கம்பி போட்டு, ஸ்கீகளின் நேர்கோட்டைச் சரிபார்த்தால் பாதிப் புகார் தீர்ந்துவிடும்.

நம்பகத்தன்மையில் யமஹாவின் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கு இருக்கும் நல்ல பெயர் நியாயமானது. ஆனால் யமஹா இந்தத் தொழிலிலிருந்தே விலகுவதாக 2023ல் அறிவித்துவிட்டது. வட அமெரிக்காவில் 2025 மாடல்தான் கடைசி. ஆர்க்டிக் கேட் கதை வேறு மாதிரி. டெக்ஸ்ட்ரான் 2017ல் வாங்கியது, பிறகு உற்பத்தியை நிறுத்தி வைத்தது, 2025ல் அது மறுபடி கைமாறியது. இரண்டுமே நல்ல வண்டிகள். ஆனால் முதல் வண்டி வாங்குபவர், பிப்ரவரி நடுவில் ஒரு சிறிய பாகத்துக்காக மூன்று வாரம் காத்திருக்கும் நிலையை விலை கொடுத்து வாங்கக் கூடாது. பனிக்காலமே இங்கே மூன்று மாதம்தான். எஞ்சினின் பெயரைவிட, பாகங்களைக் கையிருப்பு வைத்திருக்கும் டீலர் உங்கள் வீட்டிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்பதைத்தான் நான் நம்பகத்தன்மை என்பேன்.

இன்னொன்று: பழுது என்று சொல்லப்படுவதில் பாதி, ஓட்டுபவரின் கைவேலை. இந்த வண்டிகளில் ரேடியேட்டருக்குப் பதிலாக டிராக்கின் மேலே வெப்பமாற்றிகள் இருக்கின்றன. டிராக் வாரியடிக்கும் பனிதான் எஞ்சினைக் குளிர்விக்கிறது. பனி இல்லாத வெறும் பனிக்கட்டியில் பத்து நிமிடம் ஓட்டினால் எந்தப் பிராண்டும் கொதிக்கும். பனியைக் கிளறிவிடும் கீறல் கம்பிகளைப் பொருத்திக்கொள்ளுங்கள். எஞ்சினின் சக்தியை டிராக்குக்குக் கடத்தும் பெல்ட்டில் மாற்று ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

ஆக, உங்களுக்கு என் யோசனை: 600 அல்லது 650 சிசி இரண்டு ஸ்ட்ரோக், 137 அங்குல டிராக், ஸ்கீ-டூவோ பொலாரிஸோ, எந்த டீலர் பக்கத்தில் இருக்கிறாரோ அது. 850 சிசி வேண்டாம். ஒன்டாரியோ டிரெயிலில் வேக வரம்பே மணிக்கு 50 கிலோமீட்டர்தான். வாரம் முழுவதும் நீண்ட தூரம், பனியைச் சமன்செய்த டிரெயிலில் மட்டும் போகப்போகிறீர்கள் என்றால் ஸ்கீ-டூவின் 900 ஏஸ் நான்கு ஸ்ட்ரோக்கையும் பாருங்கள். பெட்ரோல் குறைவாகக் குடிக்கும், சத்தமும் குறைவு. ஏரிப் பக்கம் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

பழைய வண்டி பார்க்கப் போனால், இறங்கியதும் முதலில் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் ஓடவிட்டிருக்கிறார் என்று அர்த்தம். ஒரு காபி குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துப் போய், குளிர்ந்த எஞ்சின் முதல் இழுப்பில் கிளம்புகிறதா என்று பாருங்கள்.