அலாரம் வந்து வந்து போகிறது, கண்காணிப்புக் கருவி வாங்கலாமா?

கேள்வி: எங்கள் நூற்பாலையின் 11 கிலோவோல்ட் வாக்குவம் பிரேக்கர் (காற்றில்லாத அறைக்குள் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) பேனலில் 'ட்ரிப் சர்க்யூட்' அலாரம் அடிக்கடி வந்து போகிறது. ஆன்லைன் கண்காணிப்புக் கருவி மாட்டினால் சரியாகிவிடும் என்று சர்வீஸ்காரர் சில லட்சம் கேட்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஷார்ட் சர்க்யூட் வந்தால் பிரேக்கரை விழவைக்க, அதாவது ட்ரிப் செய்து மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டிய வயரிங்கில் எங்கோ தொடர்பு விட்டுப்போகிறது என்பதுதான் அந்த அலாரம். வந்து வந்து போவதால், தளர்ந்த டெர்மினல் ஸ்க்ரூ, தேய்ந்த ஆக்ஸிலரி காண்டாக்ட் (பிரேக்கரோடு சேர்ந்து ஆன், ஆஃப் ஆகும் சிறு தொடர்பு) இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். புதுக் கருவி இதே கோளாறை இன்னொரு திரையில் காட்டும், அவ்வளவுதான். அதற்காக அலாரத்தை அமுக்கிவிட்டு ஆலையை ஓட்டாதீர்கள். பிரேக்கர் விழாவிட்டால் கேபிளும் டிரான்ஸ்பார்மரும் தீப்பிடிக்கலாம்.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். பல பழைய பேனல்களில் இந்தக் கண்காணிப்பு பிரேக்கர் ஆனில் இருக்கும்போது மட்டுமே வேலை செய்யும். ஆஃப் செய்ததும் ட்ரிப் காயிலுக்கு (பிரேக்கரை விழவைக்கும் கம்பிச்சுருள்) மின்சாரம் போகும் பாதை தானாகத் துண்டித்துக்கொள்ளும், 'ஹெல்தி' விளக்கும் அணையும். அது கோளாறே இல்லை. ஆனில் இருக்கும்போது அணைந்தால்தான் ஆபத்து. ஆகவே அலாரம் வரும் ஒவ்வொரு முறையும் நேரத்தையும், பிரேக்கர் ஆனா ஆஃபா என்பதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். இது தெரியாமல் நல்ல காயிலைக் கழற்றி மாற்றிப் பில் போடுகிறார்கள்.

அப்புறம், ட்ரிப் காயிலுக்கு மின்சாரம் தரும் பேட்டரி. சார்ஜர் ஓடும்போது மீட்டர் காட்டும் வோல்டேஜை நம்பாதீர்கள், செத்த பேட்டரியிலும் அது சரியாகவே காட்டும். ஷார்ட் சர்க்யூட் நேரத்தில் ஏசி சப்ளை சரிந்து சார்ஜர் கைவிட்டால், பிரேக்கரை விழவைக்க பேட்டரி மட்டுமே மிச்சம். ஷட்டவுன் நாளில், லைசென்ஸ் உள்ளவரை வைத்து, சார்ஜரை அணைத்துவிட்டு ரிலே (கோளாறைக் கண்டு ட்ரிப் கட்டளை தரும் கருவி) வழியாக ட்ரிப் செய்து பாருங்கள்.

சோதனை அறிக்கைகளிலும் ஏமாந்துவிடாதீர்கள். மெக்கர் (இன்சுலேஷன் அளக்கும் கருவி) வைத்துப் பார்த்துவிட்டு 'வாக்குவம் நன்று' என்று எழுதித் தருகிறார்கள். மெக்கரால் அதைச் சொல்ல முடியாது, பிரேக்கரைத் திறந்துவைத்துக் காண்டாக்ட்களுக்குக் குறுக்கே உயர் மின்னழுத்தம் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். அதிகாரிகள் ஆய்வுக்கு வரும்போது கோப்பில் தாள் இருந்தால் போதும் என்ற நிலை மாறாதவரை இந்த வியாபாரம் நிற்காது. காண்டாக்ட் ரெசிஸ்டன்ஸை (மூடிய காண்டாக்ட்களின் மின்தடை) 100 ஆம்பியர் டிசி செலுத்தி மைக்ரோ ஓமில் அளக்கச் சொல்லி, நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். மூன்று ஃபேஸுக்கும் அச்சடித்தாற்போல் ஒரே எண், அதுவும் போன வருட எண்ணே என்றால், பணம் கொடுக்காமல் மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.