வாட்ச் காட்டுற விஓ2 மேக்ஸ் நம்பர எவ்ளோ நம்பலாம்? கேட்டவங்களுக்கு பதில்

ஓடும்போது வாட்ச் காட்டுற கார்டியோ ஃபிட்னஸ், அதாவது விஓ2 மேக்ஸ் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் கேள்வி கொட்டிடுச்சு. ஒரே மாதிரி வந்தத சேத்துட்டேன். நான் ரன்னிங் கோச், டாக்டர் இல்ல, அத மட்டும் மனசுல வெச்சுக்கங்க.

கேள்வி: அண்ணா, வாட்ச் பின்னாடி சிவப்பு லைட் எரியுதே, அதுதான் ஆக்சிஜன அளந்து இந்த நம்பர் சொல்லுதா?

இல்லப்பா. அது ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம் இருக்குன்னு பாக்குறது. நல்லா இருக்கற ஆளுக்கு அது 95க்கு மேலதான் நிக்கும், மாரத்தான் ஓடுறவருக்கும் அதான், சோபாவ விட்டு எந்திரிக்காதவருக்கும் அதான். விஓ2 மேக்ஸ்ங்கறது வேற. முழு மூச்சா ஓடும்போது உங்க உடம்பு ஒரு கிலோ எடைக்கு ஒரு நிமிஷத்துல எத்தன மில்லி ஆக்சிஜன செலவு பண்ணுதுங்கற கணக்கு. நெஜமா அளக்கணும்னா லேப்ல மூஞ்சில மாஸ்க் மாட்டி, டிரெட்மில்ல இதுக்கு மேல முடியாதுங்கற வரைக்கும் ஓட விடுவாங்க.

வாட்ச் ஆக்சிஜன அளக்கவே இல்ல, கணக்குதான் போடுது. சமதரைல மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்துல ஓடினா ஏறக்குறைய 37 மில்லி வேணும்னு ஃபார்முலா இருக்கு. அந்த வேகத்துல உங்க ஹார்ட் ரேட் உங்க மேக்ஸ்ல, அதாவது இதயம் அதிகபட்சமா ஒரு நிமிஷத்துல துடிக்கற அளவுல, எத்தன சதவீதம்னு பாத்து, அப்ப நூறு சதவீதத்துக்கு போனா எவ்ளோ இருக்கும்னு நீட்டி சொல்லுது, அவ்ளோதான். அதனால வேகம், ஹார்ட் ரேட், மேக்ஸ் ஹார்ட் ரேட், இந்த மூணுல எது தப்பா போனாலும் நம்பரும் தப்பு. கீழ வர்ற பாதி கேள்விக்கு பதில் இதுலயே இருக்கு.

கேள்வி: வயசு 41. வாட்ச் மேக்ஸ் 179னு தானாவே போட்டுருக்கு, ஆனா இன்டர்வெல் (கொஞ்ச நேரம் வேகமா, கொஞ்ச நேரம் மெதுவா) ஓடும்போது 191 காட்டுது. எத வெக்கறது?

220ல இருந்து வயச கழிக்கற கணக்கு அது. கூட்டத்துக்கு சராசரி பாக்க ஓகே, ஒரு ஆளுக்குன்னு பாத்தா 10, 12 துடிப்பு மேல கீழ இருக்கறது ரொம்ப சாதாரணம். இப்ப பாருங்க, நீங்க 10 கிலோமீட்டர் வேகத்துல ஓடறப்ப 150 துடிக்குதுன்னு வெச்சுப்போம், 179 மேக்ஸ்னா அது 84 சதவீதம், 191னா 79 கூட இல்ல. முதல் கணக்குல வாட்ச் என்ன நெனைக்கும், 'இந்த வேகத்துக்கே இவ்ளோ தெணறுறாரே'ன்னு நம்பர கொறச்சு போட்டுடும். மேக்ஸ கம்மியா வெச்சா விஓ2 மேக்ஸ் கம்மியா வரும், அதிகமா வெச்சா சும்மா ஏத்தி காட்டும், சந்தோஷமாதான் இருக்கும் ஆனா பொய்.

உடனே 191ன்னு போட்டுடாதீங்க. அது கை வாட்ச்ல வந்த நம்பரா, செஸ்ட் ஸ்ட்ராப்ல, அதாவது நெஞ்சுல கட்டற சென்சார் பட்டைல வந்ததா? கைல வந்திருந்தா ஸ்ட்ராப் போட்டு இன்னொரு தடவ பாருங்க, நல்லா வார்ம் அப் பண்ணிட்டு மேட்டுல மூணு நாலு தடவ வேகமா ஏறி, கடைசி தடவ முழு மூச்சா. நாப்பது தாண்டியாச்சு, அதுக்கு முன்னாடி ஒரு செக்கப் பண்ணிக்கறது நல்லது.

கேள்வி: நான் டொராண்டோவில இருக்கிறன் அண்ணை. பனிக்காலத்தில வெளியில ஓடேக்க முதல் பத்து நிமிசம் இதயத் துடிப்பு 170 எண்டு நிக்குது, எனக்கு மூச்சு வாங்கவே இல்லை. பிறகு தானா 135க்கு இறங்குது. என்ன பிழை?

அது உங்க இதயம் இல்ல, உங்க காலடி. நிமிஷத்துக்கு எத்தன அடி வெக்கறீங்கன்னு அதே வாட்ச்ல பாருங்க, 170 பக்கத்துலதான் இருக்கும். குளிர்ல தோலுக்கு ரத்தம் வர்றது கொறஞ்சுடும், வாட்ச் பின்னாடி துடிப்ப பாக்கற பச்சை லைட்டுக்கு துடிப்பு சரியா தெரியாது, கை ஆடற தாளத்த துடிப்புன்னு எடுத்துக்கும். வாட்ச மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேல தள்ளி, லேசா இறுக்கி, ஜாக்கெட் கைக்குள்ள வெச்சு, வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம் சூடு பண்ணிட்டு கெளம்புங்க. அப்பவும் சரியாகலன்னா செஸ்ட் ஸ்ட்ராப்தான், அது இதயத்தோட மின் துடிப்பயே எடுக்கறதால இந்த தொல்ல இல்ல. பட்டைய தண்ணில நனச்சுட்டு மாட்டுங்க, காஞ்ச பட்டையும் முதல் பத்து நிமிஷம் கண்டபடி காட்டும். புது வாட்ச் வாங்கற காசுக்கு முன்னாடி இத வாங்குங்கன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்றது.

கேள்வி: சென்னைல ஓடறேன், விஓ2 மேக்ஸ் ஜனவரில 46, மே மாசம் 42. ட்ரெய்னிங் விடவே இல்ல ப்ரோ, செம கடுப்பா இருக்கு.

வெயில் ப்ரோ. மெரினால காலைல அஞ்சரைக்கு ஓடினாலும் மே மாசம் புழுக்கம் புழுக்கம்தான். சூட்ட வெளிய தள்ள ரத்தம் தோலுக்கு போகுது, வேர்வைல தண்ணியும் போகுது, அப்ப அதே வேகத்துக்கு இதயம் கூடுதலா அடிக்கணும். கார்மின் கம்பெனி வாட்ச்ல கொஞ்சம் மேல் மாடல்கள்ல 22 டிகிரிக்கு மேல போனா அதுக்கு கழிச்சு கணக்கு போடும், ஆனா வெதர் விவரம் போன் வழியாதான் வருது, போன வாட்ச்சோட சிங்க் பண்ணாமயே விட்டா அதுக்கு எப்படி தெரியும்? ரெண்டு மணி நேர ஓட்டத்துல வர்ற நம்பரயும் பாக்காதீங்க, கடைசில வேகம் ஏறாமயே துடிப்பு மட்டும் ஏறிட்டே போகும். மேவ போன மேவோட ஒப்பிடுங்க, ஜனவரியோட வேண்டாம்.

கேள்வி: தம்பி, எனக்கு 58. பிபிக்கு மாத்திரை போடுறேன். வாட்ச் என்னைய ரொம்ப ஃபிட்டுன்னு சொல்லுது!

ஐயா, அது பீட்டா பிளாக்கரான்னு டாக்டர்கிட்ட கேளுங்க. ஆமான்னா அது துடிப்பயே ஏற விடாது, வாட்ச் அத பாத்துட்டு இவருக்கு அலட்டலே இல்லன்னு நம்பர ஏத்திடும். ஆப்பிள்ல ஹெல்த் ஆப்ல கார்டியோ ஃபிட்னஸ் பக்கத்துல இந்த மாதிரி மருந்து எடுக்கறத குறிச்சு வெக்க இடம் இருக்கு, போட்டுடுங்க. உங்களுக்கு ஓடிட்டே பேச முடியுதாங்கறதுதான் சரியான அளவு. அந்த நம்பருக்காக மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க.

கேள்வி: ஊட்டில இருக்கேன், ஏத்தம் எறக்கம்தான். நம்பரே வரல, வந்தா கேவலமா வருது.

ஆப்பிள் வாட்ச் சமதரையத்தான் எதிர்பாக்குது, சரிவு 5 சதவீதத்துக்குள்ள இருக்கணும். கார்மின்ல டிரெயில் ரன்னுக்கு (மலை, காட்டுப் பாதைல ஓடறது) விஓ2 மேக்ஸ் பதிவ ஆஃப் பண்ற வசதி இருக்கு, பண்ணிடுங்க. அதுவும் இல்லாம 2,200 மீட்டர் உயரத்துல காத்தே மெலிசு, விஓ2 மேக்ஸ் நெஜமாவே கொறயும், வாட்ச திட்டி பிரயோஜனம் இல்ல. ஊர்ல இருக்கற ஒரே சமதரைய கண்டுபிடிச்சு மாசம் ரெண்டு தடவ அங்கயே ஓடுங்க.

கேள்வி: ஒரு வாட்ச் 48ங்குது, இன்னொன்னு 43. எது நெஜம்?

டிராக்குக்கு போங்க. 12 நிமிஷம், சீரா, முடிஞ்ச அளவு வேகமா. ஓடின மீட்டர்ல 504.9 கழிச்சு 44.73ஆல வகுங்க, 1968ல வந்த கூப்பர் டெஸ்ட் இது. 2,400 மீட்டர் ஓடினா 42 சொச்சம் வரும். இதுவும் கணக்குதான், ஆனா இதுல துடிப்பு வர்றதே இல்ல, அதனால சென்சார் குழப்பம் கெடயாது. ரெண்டுல எது இதுக்கு பக்கத்துல வருதோ அத மட்டும் பாருங்க, இன்னொன்னுல நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க.

கேள்வி: டிரெட்மில்ல ஓடினா ஏன் வரமாட்டேங்குது?

வேகம் ஜிபிஎஸ்லேர்ந்து வரணும். பெரும்பாலான வாட்ச்ல வெளிய ஓடினாதான்.

கேள்வி: தினமும் மெதுவா வெளியதான் ஓடறேன் அக்கம்பக்கத்துல, அப்பவும் நம்பர் மாறவே மாட்டேங்குது.

கார்மின்னா மேக்ஸ்ல 70 சதவீதத்துக்கு மேல குறைஞ்சது பத்து நிமிஷம் போகணும். சிக்னலுக்கு சிக்னல் நின்னு நின்னு ஓடினா எப்படி நல்ல தரவு கெடைக்கும், துடிப்பு நிலைக்கு வர்றதுக்குள்ள நின்னுடறீங்க. வாரத்துல ஒரு நாள் பார்க் சுத்தியோ பீச் ரோட்லயோ, ஜிபிஎஸ் பிடிக்கற வரைக்கும் நின்னுட்டு, நடுவுல நிக்காம இருவது இருவத்தஞ்சு நிமிஷம் கொஞ்சம் உறைக்கற வேகத்துல ஓடுங்க.

கேள்வி: குழந்தைய ஸ்ட்ரோலர்ல தள்ளிட்டே ஓடறேன், பரவால்லயா?

ஓடுங்க, தாராளமா. ஆனா தள்ளறதுக்கு ஆகற உழைப்பு வாட்சுக்கு தெரியாது, கைய வேற ஆட்டாம பிடிச்சிருக்கீங்க, நம்பர் கீழதான் போகும். அந்த நாளுக்கு ரன்னுன்னு போடாம விஓ2 மேக்ஸ் கணக்கு போடாத வேற ஆக்டிவிட்டிய செலக்ட் பண்ணிக்கங்க.