லிங்க்கைத் திறந்து விடாதீர்கள்

கேள்வி: அரசு உதவி பெறும் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளைக் குழுவாகப் பிரித்து, இணையத்தில் ஒரே கோப்பில் சேர்ந்து எழுதுகிற மாதிரி புராஜெக்ட் கொடுக்க ஆசை. இப்போதைக்கு வாட்ஸ்அப் குரூப்தான் இருக்கிறது. அதிலிருந்து நம்பரை எடுத்து யாரோ தன் மகளுக்கு மெசேஜ் அனுப்புவதாக ஒரு அம்மா வருத்தப்பட்டார். பாதுகாப்பாக எதைப் பயன்படுத்தலாம்?

பதில்: அந்த அம்மாவின் வருத்தம் நியாயமானது. சாதாரண வாட்ஸ்அப் குரூப்பில் ஒருவருடைய நம்பர் மற்ற எல்லோர் கண்ணிலும் படும். அதனால் அறிவிப்புகளை மட்டும், பல குரூப்களை ஒன்றாக வைக்கிற வாட்ஸ்அப் 'கம்யூனிட்டி'யின் அறிவிப்புப் பகுதிக்கு மாற்றுங்கள். அங்கே உறுப்பினர்களின் நம்பர் அட்மினைத் தவிர மற்றவர்களுக்குத் தெரியாது. அதிலும் பெற்றோர் நம்பர் மட்டும் இருக்கட்டும்.

குழு வேலைக்கு நான் சொல்வது கூகுள் கிளாஸ்ரூம் என்ற இணைய வகுப்பறை, அதோடு சேர்ந்து எழுத டாக்ஸ், படக்காட்சி செய்ய ஸ்லைட்ஸ். ஆனால் பிள்ளைகளின் சொந்த ஜிமெயிலில் வேண்டாம். பள்ளிகளுக்கான கூகுள் கணக்கின் அடிப்படைத் திட்டம் இலவசம். பள்ளிப் பெயரில் ஒரு இணைய முகவரி (டொமைன்) இருந்தால் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பிக்கலாம். சரிபார்த்து அனுமதி தர நாளாகும் என்பதால் இப்போதே தொடங்குங்கள். கிடைத்ததும், பள்ளிக்கு வெளியே யாருக்கும் கோப்பைப் பகிர முடியாதபடி அட்மின் கணக்கில் பூட்டிவிடலாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாகப் பள்ளிக் கணக்கு வேண்டும் என்று ஏன் இவ்வளவு சொல்கிறேன்? 'லிங்க் உள்ள எவரும் திருத்தலாம்' என்று திறந்துவிட்ட ஒரு ஸ்லைட் கோப்பை நான் பார்த்திருக்கிறேன். ஒளிச்சேர்க்கை பற்றிய படம். அதன் கீழே இரவோடு இரவாக ஒரு மாணவியின் பட்டப்பெயரும் அதோடு ஒரு கேலி வரியும் சேர்ந்திருந்தன. கணக்கில் நுழையாமல் வருபவரைக் கூகுள் ஏதோ ஒரு விலங்கின் பெயரில்தான் காட்டும். எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அந்தப் பெண் இரண்டு நாள் பள்ளிக்கு வரவில்லை. ஆசிரியை நல்லவர்தான், லிங்க் வேலை செய்தால் போதும் என்று நினைத்துவிட்டார்.

ஆகவே பகிரும்போது 'கட்டுப்படுத்தப்பட்டது' என்று வைத்து, அந்தக் குழுவின் ஐந்து பேரை மட்டும் பெயர் சொல்லிச் சேருங்கள். பகிர்வுப் பெட்டியில் பல்சக்கரக் குறியை அழுத்தி, எடிட்டர்கள் மற்றவர்களுக்கும் பகிரலாம் என்பதற்கான டிக்கை எடுத்துவிடுங்கள். அப்புறம் கோப்பு மெனுவில் உள்ள பதிப்பு வரலாற்றை முதல் நாளே பிள்ளைகளுக்குத் திறந்து காட்டுங்கள். எந்த வரியை எப்போது யார் எழுதினார் என்று பெயரோடு வரும். அழித்ததையும் மீட்கலாம். குழுவில் ஒருத்தியே எல்லாவற்றையும் எழுதி மற்ற நால்வரும் பெயர் மட்டும் போட்டுக்கொள்வதும் அதிலேயே தெரிந்துவிடும். மதிப்பெண் போட எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லை.

கிளாஸ்ரூமில் அறிவிப்புகள் வரும் 'ஸ்ட்ரீம்' பகுதியை ஆசிரியர் மட்டும் எழுதுகிற மாதிரி வையுங்கள். எல்லோரும் சேர்ந்ததும் வகுப்புக் குறியீட்டை முடக்கிவிடுங்கள்.

எல்லோரும் குறிப்பு ஒட்டுகிற பேட்லெட் போன்ற இணையப் பலகை பிடித்திருந்தால், ஆசிரியர் அனுமதித்த பிறகே பதிவு தெரியும் என்கிற வசதியை இயக்கிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லோரையும் குழந்தை என்றே சொல்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்பதுதான் பொது விதி. எந்தக் கருவி, எதற்காக, யார் பார்ப்பார்கள் என்று தமிழில் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும்.

அதையும் மீறி ஏதாவது தவறாக எழுதப்பட்டால், உடனே அழிக்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு மறைப்பு, அன்றே தலைமையாசிரியருக்குத் தகவல். மிரட்டலோ ஆபாசமோ என்றால் குழந்தைகள் உதவி எண் 1098.

இன்னொன்று: பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பது அப்பாவின் போன், அதுவும் அவர் வேலை முடிந்து வந்த பிறகுதான். புராஜெக்டை வீட்டுப்பாடமாகத் தராமல், வாரத்தில் ஒரு பீரியட் கணினி அறையில் வைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கு ஒரு கணினி போதும், பாதி நேரத்தில் இடம் மாறி உட்கார்ந்து அவரவர் கணக்கில் நுழையட்டும். எழுந்து போகும்போது 'லாக் அவுட்' செய்தார்களா என்று மட்டும் ஒரு சுற்று வந்து பாருங்கள்.