அமெரிக்கக் கல்லூரியிலிருந்து டிஸ்மிஸல் (நீக்கம்) கடிதம் வந்துவிட்டால் என்ன வழி?

ஜிபிஏ (சராசரி கிரேடு) 2.0-க்குக் கீழே போய், புரொபேஷன் என்ற எச்சரிக்கைக் காலமும் கைகொடுக்காமல் டிஸ்மிஸல் வந்துவிட்டது, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிறேன் என்கிறீர்கள். சரி, முதலில் கடிதத்தில் மேல்முறையீட்டுக்கான கடைசித் தேதியைப் பாருங்கள். மேல்முறையீட்டில் உருகி உருகி மன்னிப்புக் கேட்பது எடுபடாது. என்ன நடந்தது, அதற்கு மருத்துவச் சான்று போல ஏதாவது ஆதாரம், இப்போது என்ன மாறியிருக்கிறது, அடுத்த செமஸ்டரில் எந்தெந்தப் பாடம் என்று எழுதுங்கள். மேல்முறையீட்டைப் பரிசீலிக்கும் குழு தேடுவது இதைத்தான்.

அன்றே சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கும் போங்கள். செவிஸ் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அமெரிக்க அரசின் பதிவேடு) பதிவை மூடுவதற்கு முன்பே வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள்வதுதான் சுலபம். கம்யூனிட்டி காலேஜ் (இரண்டாண்டுக் கல்லூரி) என்றால் தயங்காதீர்கள். அங்கே நல்ல கிரேடு எடுத்துவிட்டு மறுசேர்க்கை கேட்கலாம். அலுவலகத்தின் அனுமதியோடு விலகினால் நாட்டைவிட்டுக் கிளம்ப 15 நாள் அவகாசம் உண்டு. சொல்லாமல் படிப்பை நிறுத்திவிட்டால் அதுவும் கிடையாது.