பள்ளி மேடையில் ‘கிரீஸ்’ – கடிதம்

அன்புள்ள ஐயா,

நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியில் ஆண்டுதோறும் மியூசிக்கல், அதாவது பாட்டும் ஆட்டமும் கலந்த நாடகம் போடுவார்கள். இந்த முறை ‘கிரீஸ்’, ஐம்பதுகளின் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளின் கதை. அவளுக்கு ரிஸ்ஸோ வேடம் கிடைத்தது, வீட்டில் ஒரே கொண்டாட்டம். அன்றிரவு 1978-இல் வந்த படத்தைப் போட்டுப் பார்த்தேன். சிகரெட், கார் பின்சீட்டு, கர்ப்பமாகிவிட்டோமோ என்ற பயம், எல்லாம் அந்த ரிஸ்ஸோவுக்குத்தான். நாடக ஆசிரியையிடம் கேட்டேன். பள்ளிகளுக்கான வடிவத்தில் கர்ப்பம் பற்றிய பகுதியே கிடையாது, கவலைப்படாதீர்கள் என்றார். கொஞ்சம் நிம்மதி. ஆனாலும் உறுத்துகிறது. மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு காட்சிகளையும் அவரே வெட்டிவிட்டால் என்ன? மறுத்தால் முதல்வரிடம் புகார் செய்யலாமா? மகள் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு பரதநாட்டிய அரங்கேற்றம் செய்தவள். அந்த மேடையில் பார்த்த பெண்ணை இந்த மேடையில் பார்க்க மனம் ஒப்பவில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஆசிரியையே நினைத்தாலும் வெட்ட முடியாது. அமெரிக்கப் பள்ளிகள் இந்த நாடகங்களை உரிமம் வாங்கித்தான் போடுகின்றன. உரிமம் தரும் நிறுவனத்திடமிருந்து எழுத்தில் அனுமதி பெறாமல் பிரதியில் கைவைத்தால் அது ஒப்பந்த மீறல். அதனால்தான் நிறுவனங்களே பள்ளிகளுக்கென்று தனி வடிவங்களை வைத்திருக்கின்றன. எய்ட்ஸ் காலத்து நியூயார்க்கைச் சொல்லும் ‘ரென்ட்’டுக்கு ஒன்று, பள்ளி மாணவர்களே கொலை செய்யும் ‘ஹெதர்ஸ்’ஸுக்கு ஒன்று. ஆட்களைக் கழுத்தறுத்துக் கறிப் பண்டமாக்கி விற்கும் ‘ஸ்வீனி டாட்’டுக்கும் உண்டு. ரத்தத்தைச் சமாளித்துவிடுவார்கள், முத்தத்துக்குத்தான் பதறுவார்கள்.

‘கிரீஸ்’ ஏற்கெனவே பலமுறை கழுவப்பட்ட சரக்கு. 1971-இல் சிகாகோவில் ஒரு சிறிய அரங்கில் வந்தபோது இதைவிடக் கரடுமுரடாக இருந்தது. அடுத்த ஆண்டு நியூயார்க்கின் பிராட்வே அரங்குக்குப் போனபோது ஒரு சுற்று மெருகு, படத்தில் இன்னொரு சுற்று. பள்ளி வடிவத்தில் புகையும் மதுவும் போயின, ரிஸ்ஸோவின் கர்ப்ப பயமும் அதையொட்டி அவள் பாடும் பாட்டும் போயின.

உங்களுக்கு நிம்மதி தந்த இந்த வெட்டுதான் எனக்கு உறுத்துகிறது. நாடகம் முழுக்க ரிஸ்ஸோ வாய்த்துடுக்குக்காரி. அடுத்தவளைக் கிண்டலடிப்பாள், பையன்களோடு சுற்றுவாள், ஊர் அவளைப் பற்றிப் பேசும். நாள் தள்ளிப்போகிறது, பயந்துவிடுகிறாள். அப்போதுதான் அந்தப் பாட்டு. நீங்கள் நினைப்பதைவிட மோசமான காரியங்கள் உலகத்தில் இருக்கின்றன, பொறாமையால் பிறரை நோகடிப்பது அதில் ஒன்று, அதை நான் செய்யமாட்டேன் என்கிறாள். நாடகத்தில் அவள் மனம்விட்டுப் பேசும் இடம் அது ஒன்றுதான். அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது துடுக்கும் கெட்ட பெயரும். ஊர் பேசியது அப்படியே நிற்கிறது, அவள் சொன்ன பதில்தான் காணாமல் போகிறது. உங்கள் மகளுக்கு அந்த வேடத்தின் கனமான பகுதியே கிடைக்காது. பெண்ணைப் பெற்றவர் வருத்தப்பட வேண்டியது இதற்கு என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. கடைசிக் காட்சியில் கதாநாயகி சாண்டி, தனக்குப் பிடித்த பையனுக்காகத் தன் உடையையும் நடையையும் அடியோடு மாற்றிக்கொண்டு வந்து நிற்பாள். அதில் கெட்ட வார்த்தை கிடையாது, கர்ப்பம் கிடையாது. எனவே எந்த வடிவமும் அதைத் தொடுவதில்லை. பதினாறு வயதுப் பெண்ணோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இந்த நாடகத்தில் இருக்கிறதென்றால் என் கணக்கில் அதுதான்.

சரி, அரங்கேற்றத்துக்கு வருவோம். உங்கள் மகள் வர்ணம் ஆடியிருப்பாள். பெரும்பாலான வர்ணங்களில் என்ன நடக்கிறது? மன்மதன் அம்பு தைத்துத் தவிக்கிறேன், அவரை அழைத்து வா என்று நாயகி தோழியிடம் சொல்கிறாள். தெலுங்குக் கவி க்ஷேத்ரக்ஞரின் காதல் பதங்கள் என்றால் அதற்கும் ஒருபடி மேலே. பதினான்கு வயதுப் பெண் அதை அரைமணி நேரத்துக்கு மேல் அபிநயித்தபோது நீங்கள் முன்வரிசையில் பெருமையோடு உட்கார்ந்திருந்தீர்கள், அதில் தவறும் இல்லை. ஆகவே சொல்லப்படும் பொருளால் உங்களுக்குச் சங்கடம் வரவில்லை. பரதத்தில் எதிரே பையன் கிடையாது. அணைப்பும் முத்தமும் முத்திரையிலேயே முடிந்துவிடும், யாரும் யாரையும் தொடுவதில்லை. மியூசிக்கலில் எதிரே ஒரு பையன் நிற்கிறான், அவன் கை எங்கே போகும் என்பதுதான் அப்பாவின் கவலை. அது நியாயமான கவலை. அதை ‘பண்பாடு’ என்று பெரிதாக்காமல் அப்படியே கேளுங்கள்.

கேட்டால் பதில் கிடைக்கும். வசனத்தைத்தான் தொடக்கூடாதே தவிர, யார் எங்கே நிற்பது, எப்படித் தொடுவது என்பதெல்லாம் பெரும்பாலும் இயக்குபவரின் கையில். முத்தத்துக்குப் பதில் நெற்றியோடு நெற்றி வைக்கலாம், அந்த நொடியில் விளக்கை அணைக்கலாம். அமெரிக்க நாடக உலகில் சில ஆண்டுகளாக ஒரு பழக்கம் வேரூன்றி வருகிறது. நெருக்கமான காட்சிகளை நடன அசைவுபோல முன்கூட்டியே வகுத்துவிடுகிறார்கள். எங்கே தொடலாம், எத்தனை நொடி என்று இருவரும் ஒப்புக்கொண்டு எழுதி வைக்கிறார்கள். மேடையில் அதைத் தாண்டக்கூடாது. நேற்று சரி என்றவர் இன்று வேண்டாம் என்றாலும் மாற்றியாக வேண்டும். பள்ளி ஆசிரியர்கள் பலரும் இதைக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் ஆசிரியை செய்கிறாரா, ஒத்திகையில் வேறொரு பெரியவர் கூட இருப்பாரா, பிரதியை நீங்கள் படிக்கலாமா, ரிஸ்ஸோவுக்கு என்ன உடை, இவற்றைக் கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

ஆனால் முதல்வரிடம் புகார் வேண்டாம். அங்கே உங்கள் பேச்சு எடுபடாது என்பதற்காகச் சொல்லவில்லை, அளவுக்கு மீறி எடுபட்டுவிடும். மிசௌரியின் ஹேஸல்வுட் பகுதிப் பள்ளி ஒன்றில் மாணவர் பத்திரிகையின் பக்கங்களை முதல்வர் நீக்கிய வழக்கில், 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. கல்வி சார்ந்த நியாயமான காரணம் இருந்தால் நிர்வாகம் தலையிடலாம் என்ற அந்தத் தீர்ப்பு பள்ளி நாடகங்களையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டது. நீக்கப்பட்ட கட்டுரைகளில் ஒன்று எதைப் பற்றித் தெரியுமா? மாணவிகளின் கர்ப்பம்!

அதே மிசௌரியில் ஃபுல்டன் என்ற சிற்றூரில் நடந்ததையும் கேளுங்கள். 2005-இல் அந்த ஊர்ப் பள்ளி போட்டது இதே ‘கிரீஸ்’தான். கெட்ட வார்த்தைகளை அங்கிருந்த ஆசிரியை மென்மையாக்கியிருந்தும் மூன்று புகார்க் கடிதங்கள் வந்தன. கல்வி அதிகாரி பயந்துபோய், அடுத்து வரவிருந்த, சூனிய வேட்டையைச் சொல்லும் ‘தி க்ரூசிபிள்’ நாடகத்தை ரத்து செய்தார். பதிலுக்கு ஷேக்ஸ்பியரின் ‘நடுவேனிற் கனவு’ போதும் என்று முடிவானது. தேவதைகளின் ராணி கழுதைத்தலையனைக் கொஞ்சிப் படுக்க வைத்துக்கொள்ளும் நாடகம் அது. பழைய ஆங்கிலம் என்பதால் தப்பித்தது போலிருக்கிறது. ஆசிரியை வேலையை விட்டுப் போனார். புகாருக்கு உள்ளான நாடகமோ அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது.

அப்புறம், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் என்ன சொன்னாள் என்பது அதில் எங்குமே இல்லை. வேடத்தை அவள் எப்படிப் புரிந்துகொண்டிருக்கிறாள், எந்த இடத்தில் கூச்சம் வருகிறது, இயக்குநரிடம் ‘இது வேண்டாம்’ என்று சொல்லும் தைரியம் இருக்கிறதா, இதை அவளிடம் கேட்டுவிட்டு ஆசிரியைக்கு எழுதுங்கள். அவள் தானே பேசிக்கொள்கிறேன் என்றால் விட்டுவிடுங்கள். எழுதுவதாக இருந்தால் காட்சிகளின் அசைவுகளை வகுக்கத் தொடங்கும் முன்பே எழுதிவிடுங்கள், பிறகு மாற்றச் சொன்னால் உடன் நடிக்கும் பிள்ளைகளுக்கும் சிரமம். அடுத்த ஆண்டு நாடகம் பற்றிக் கருத்து இருந்தால் உரிமம் வாங்குவதற்கு முன்பே போய்ப் பேசுங்கள். பள்ளி மேடைகளில் செட் அடிக்கவும் டிக்கெட் கிழிக்கவும் எப்போதும் ஆள் பற்றாக்குறைதான், அந்த வேலைகளுக்குப் போய் நிற்கும் பெற்றோருக்கு நாடகத் தேர்வு பற்றிய பேச்சு தானாகவே காதில் விழும்.