உயிர்வேதியியல் பட்டத்திற்கு எவ்வளவு செலவிடலாம்? கோட்டையூர் ஆச்சி ஒருவருக்கு எழுதிய பதில்

அன்புள்ள ஆச்சிக்கு, வணக்கம்.

மகளுக்கு நீட் தேர்வில் எதிர்பார்த்த மதிப்பெண் கிடைக்கவில்லை என்றும், பி.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்க விரும்புகிறாள் என்றும், சென்னையில் ஒரு தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கட்டணமும் விடுதியுமாக 3 ஆண்டுக்கு 7 லட்சம் ரூபாய் ஆகும் என்று சொல்கிறார்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்ற உங்கள் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் இளநிலைப் பட்டத்துக்கு அவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்க வேண்டாம், அதற்காகக் கடன் வாங்கவே வேண்டாம். இந்தத் துறையில் காசு செலவழிக்க வேண்டிய இடம் முதுநிலைப் படிப்பு; அதுவரை கையிருப்பைக் காத்து வைக்க வேண்டும்.

வட்டிக்கணக்கை நான் உங்கள் வீட்டுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இருந்தாலும் ஒருமுறை எழுதிப் பார்ப்போம். 7.5 லட்சம் ரூபாய் வரையிலான கல்விக் கடனுக்கு வங்கிகள் பெரும்பாலும் சொத்துப் பிணை கேட்பதில்லை என்பதால் வாங்குவது எளிதாகத் தெரியும். 7 லட்சத்தை ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக 10 சதவீத வட்டிக்கு வாங்கினால், படிப்புக் காலமும் அதற்குப் பிந்தைய ஓராண்டுத் தவணை விடுப்பும் முடியும்போது தனிவட்டியே ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய் ஏறியிருக்கும். 9 லட்சத்தை ஒட்டிய அந்தக் கடனைப் 10 ஆண்டில் அடைப்பதென்றால் மாதத் தவணை 12,000 ரூபாயைத் தொட்டுவிடும். பி.எஸ்சி. உயிர்வேதியியலோடு மட்டும் வேலைக்குப் போகிற பிள்ளைகளுக்குத் தொடக்கச் சம்பளம் 15,000 ரூபாயை ஒட்டியே இருப்பதைத்தான் நான் ஆண்டுதோறும் பார்த்து வருகிறேன். அவள் மேற்கொண்டு எம்.எஸ்சி. சேர்ந்தால் தவணையைத் தள்ளிவைக்க வங்கி ஒப்புக்கொள்ளலாம். வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

சம்பளம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெற்றோர் பலரும் உயிர்வேதியியல் படித்தால் மருத்துவமனை ஆய்வகத்தில் உடனே வேலை கிடைத்துவிடும் என்று நம்பிச் சேர்க்கிறார்கள். ரத்தத்தில் சர்க்கரையும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்க்கும் பிரிவுக்கு வாசலில் உயிர்வேதியியல் என்றே பலகை மாட்டியிருப்பதால் அந்த எண்ணம் வருவது இயல்பு. ஆனால் அங்கே பணியமர்த்தும்போது கேட்கப்படும் தகுதி மருத்துவ ஆய்வக நுட்பவியல் பட்டயமோ பட்டமோதான். அரசு மருத்துவமனை ஆய்வக நுட்பநர் பணிக்கு நம் பி.எஸ்சி. அதற்கு ஈடாகாது. மகளின் மனம் உண்மையில் மருத்துவமனை வேலையில்தான் இருக்கிறது என்றால் அவள் சேர வேண்டிய படிப்பே வேறு. இதை இப்போதே அவளிடம் அமைதியாகக் கேட்டுவிடுங்கள், ஏனெனில் மூன்றாம் ஆண்டில் இதைத் தெரிந்துகொண்டு என் முன்னால் கண்கலங்கிய பிள்ளைகள் உண்டு.

பி.எஸ்சி.யோடு நேராகத் திறக்கும் வாசல்களும் சில இருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு மத்திய அரசின் 2011ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் பட்டங்களில் உயிர்வேதியியல் பெயர் குறிப்பிட்டே சொல்லப்பட்டிருக்கிறது. வேதியியல் படித்தவர்கள் அதே பணிக்கு முதுநிலை முடித்திருக்க வேண்டும். காலியிடங்கள் ஆண்டுதோறும் வருவதில்லை, வரும்போது போட்டி கடுமையாக இருக்கும் என்றாலும் இந்தப் பட்டத்துக்கு அது தனியான ஓர் அனுகூலம். மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, நோய்களையும் சிகிச்சைகளையும் குறியீடுகளாகப் பதியும் மருத்துவக் குறியீட்டுப் பணி (மெடிக்கல் கோடிங்), பட்டம் எதுவானாலும் எழுதக்கூடிய டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 ஆகியவையும் உள்ளன. பள்ளி ஆசிரியர் வேலையைக் கருதினால் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். முதுகலை ஆசிரியர் தேர்வில் உயிர்வேதியியல் பாடத்துக்கு இடங்கள் வேதியியலோடு ஒப்பிட முடியாத அளவுக்குக் குறைவு.

இந்தப் பட்டத்தின் உண்மையான மதிப்பு எம்.எஸ்சி.யில்தான் தொடங்குகிறது. ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் உயிர்வேதியியல் முதுநிலைக்கு கியூட் நுழைவுத் தேர்வு வழியாகச் சேரலாம்; கட்டணமும் தனியார் நிறுவனங்கள் கேட்பதில் சிறு பங்குதான். ஐ.ஐ.டி.களில் முதுநிலை படிக்க ஜாம் தேர்வு இருக்கிறது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமும் மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் உங்களுக்குப் பேருந்து தூரத்திலேயே இருக்கின்றன. முதுநிலைக்குப் பின் சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தேர்வானால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள விகிதப்படி, முதல் 2 ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும் அதன்பின் 42,000 ரூபாயும் வரும். அதற்குப் பிறகு படிப்புக்கு வீட்டிலிருந்து பணம் அனுப்ப வேண்டியிராது. ஆனால் அந்த வழி நீளமானது. முனைவர் பட்டம் கைக்கு வரும்போது வயது 27 அல்லது 28 ஆகியிருக்கும். திருமணப் பேச்சு அதற்கு முன்பே எழும் என்பதை நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். அப்போது படிப்பைப் பாதியில் நிறுத்தச் சொல்வதில்லை என்று இப்போதே வீட்டில் முடிவு செய்து மகளிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். தெரியாமல் நடுவில் நிற்பதுதான் செலவுகளில் எல்லாம் பெரிய செலவு.

மகளுக்கு இந்தப் பாடம் ஒத்துவருமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நீட் எழுதிவிட்டு வருபவர்கள் இதை உயிரியல் என்று நினைக்கிறார்கள். உண்மையில் பாதிக்கு மேல் வேதியியல், கொஞ்சம் கணக்கும் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகத்தை எடுத்து, ‘உயிரியல் மூலக்கூறுகள்’ பாடத்தை மட்டும் பார்க்காமல், ‘வேதிவினை வேகவியல்’, ‘அயனிச் சமநிலை’ ஆகிய இரண்டையும் மறுபடி படிக்கச் சொல்லுங்கள். நொதி எவ்வளவு விரைவாக வேலை செய்கிறது என்பதைக் கணக்கிடுவதும், அமில-காரத் தன்மை எளிதில் மாறாத தாங்கல் கரைசல் தயாரிப்பதும் முதல் ஆண்டிலிருந்தே கூட வரும் வேலைகள். அந்தக் கணக்குகளைப் போடுவதில் அவளுக்கு விருப்பம் இருந்தால் தயங்காமல் அனுப்பலாம். வேதியியலைக் கண்டாலே ஒதுங்குகிறவள் என்றால், எவ்வளவு பெரிய கல்லூரியில் சேர்த்தாலும் மூன்றாண்டும் சுமையாகவே போகும்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது கட்டடத்தையும் விடுதியையும் காட்டி அனுப்பிவிடுவார்கள். உயிர்வேதியியல் ஆய்வகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மேசைமேல் மிகச் சிறு அளவு திரவத்தை அளந்தெடுக்கும் நுண் பிப்பெட்டுகள் எத்தனை இருக்கின்றன, ஒரு தொகுதி மாணவிகளுக்கு அவை போதுமா என்று பாருங்கள். கரைசல் எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று அளக்கும் நிறமாலை ஒளிமானி உறை போட்டு மூடியிருந்தால், கடைசியாக அதை எப்போது பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். பக்கத்தில் தொங்கும் பதிவேட்டில் தேதியும் கையெழுத்தும் இருக்கும். பிறகு இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியிடம் தனியாக, புரதத்தின் அளவைக் கண்டறியும் சோதனையைத் தானே செய்து பார்த்தாளா, ஆசிரியர் செய்து காட்டியதைப் பார்த்து எழுதினாளா என்று விசாரியுங்கள். ஏழு லட்சம் வாங்கும் இடத்தில் பூட்டியே கிடக்கும் கருவிகளையும், சில ஆயிரம் மட்டுமே வாங்கும் அரசுக் கல்லூரியில் பிள்ளைகள் கை வைத்துப் பழகும் கருவிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழியையும் நீங்கள் கருத வேண்டும். என் விருப்பம் இதன் பக்கம்தான் சாய்கிறது. காரைக்குடி அழகப்பா அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் படிக்கலாம். கோட்டையூரிலிருந்து தினமும் பேருந்தில் போய்வந்துவிடலாம், விடுதிச் செலவே இல்லை. பல பல்கலைக்கழகங்கள் எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு வேதியியல் பட்டதாரிகளையும் சேர்த்துக்கொள்கின்றன. ஆசிரியர் பணிக்கான வழியும் அடைபடாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் பணிக்கு மட்டும் முதுநிலை வரை காத்திருக்க நேரும். அவள் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படிப் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டம் முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அவளுடைய பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது போதும்.

நம் காரைக்குடியிலேயே மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருப்பதை அவள் வெறும் பெயர்ப்பலகையாகக் கடந்துபோய்விடக் கூடாது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1953இல் திறக்கப்பட்ட தேசிய ஆய்வகம் அது. வீட்டில் அண்ணன், அதாவது மகளின் அப்பா, சர்க்கரை பார்க்கும் சின்னக் கருவியில், பட்டையில் ஒரு சொட்டு ரத்தத்தை வைத்ததும் அதிலுள்ள நொதி சர்க்கரையோடு வினைபுரிகிறது. அதிலிருந்து எழும் மின்னோட்டத்தை அளந்துதான் எண் தெரிகிறது. உயிர்வேதியியலும் மின்வேதியியலும் சேர்கிற இடம் அது. முதுநிலை ஆய்வேட்டுக் காலத்தில் இத்தகைய உணரிகள் (சென்சார்கள்) பற்றி அங்கே திட்டப்பணி செய்ய வாய்ப்புண்டா என்று அவள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

சென்னையிலுள்ள அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் கட்டிவிடாதீர்கள். இடம் போய்விடும் என்று தொலைபேசியில் அவசரப்படுத்தினாலும் பொறுத்திருங்கள். அரசுக் கல்லூரிகளுக்கான இணையதள விண்ணப்பத்தை முதலில் போட்டுவிடுங்கள். வேதியியலை முதல் விருப்பமாகவும், உயிர்வேதியியல் உள்ள அரசு அல்லது உதவிபெறும் கல்லூரி திருச்சியிலோ மதுரையிலோ கிடைத்தால் அதை இரண்டாவதாகவும் வையுங்கள். அடுத்த வாரம் மகளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் படித்த பள்ளியின் சான்று, அந்தப் பல்கலைக்கழகம் கொடுத்த கட்டண விவரத்தாள் ஆகியவை கையில் இருக்கட்டும். அண்ணனும் கடையைச் சிறிது நேரம் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டு வந்தால் நல்லது. திருமணப் பேச்சு பற்றிய முடிவை அவரும் மகள் முன்னிலையில் சொல்ல வேண்டும்.