நாய்க்குட்டி வீட்டுக்குள்ளேயே ஒண்ணுக்குப் போகிறது, அடித்தால் பழகுமா?

இரண்டு மாதக் குட்டி, பேப்பர் விரித்து வைத்தும் ஹால் முழுக்கப் போகிறது, அதட்டினால் நின்று பார்த்துவிட்டு அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போய் ஒண்ணுக்கு இருந்துவிடுகிறது, அடித்துப் பழக்கலாமா, எத்தனை நாளில் பழகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

"சோபாவுக்குப் பின்னால்" என்று படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு அடி ஏற்கெனவே போட்டாகிவிட்டது, சரியா? இல்லையென்றால் மன்னிக்கவும். நான் போட்டவன், அதனால்தான் அப்படித் தோன்றுகிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் நாய் பயிற்சியாளன் இல்லை. மலேசியாவில் பினாங்குத் தீவு, ஜெலுத்தோங் பக்கம் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒரு தெரேஸ் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வேலை, மூன்று ஷிப்ட், ஒரே ஒரு நாய். "நாயை அடித்தவனெல்லாம் புத்தி சொல்ல வந்துவிட்டான்" என்று எழுதப் போகிறவர்கள் தயவுசெய்து முழுசாகப் படித்துவிட்டு எழுதுங்கள்.

2023 டிசம்பர் கடைசியில் என் மகள் டியூஷன் முடிந்து வரும்போது லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரத்தில் அட்டைப்பெட்டியில் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மழையில் நனைந்து எலி மாதிரி இருந்தது. மிருக டாக்டர் பல்லைப் பார்த்துவிட்டு எட்டு வாரம் இருக்கும் என்றார். மகள் மைலோ என்று பெயர் வைத்தாள். எங்கள் வரிசையிலேயே இன்னும் இரண்டு மைலோ உண்டு. அம்மாவுக்கு அந்தப் பெயர் வாயில் நிற்கவில்லை. "தோட்டத்துல எல்லா நாயும் மணிதான்" என்று சொல்லிவிட்டார். தடுப்பூசி அட்டையில் மைலோ, வீட்டில் மணி.

அம்மாவுக்கு நாய் வீட்டுக்குள் வருவதே பிடிக்காது. நாங்கள் கெடாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். லயத்து வீட்டு நாய் எங்கே போய் இருந்தது என்று யார் பார்த்தார்கள்? அது பாட்டுக்குக் காட்டுக்குள் போகும், வரும். அதனால் நாய்க்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதே நாற்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.

பேப்பர் விரிக்கலாம் என்றால் முதல் நாளே சண்டை. தமிழ்ப் பேப்பரைக் கீழே போட அம்மா விடவில்லை. எழுத்து சரஸ்வதியாம், அதிலும் மார்கழி மாதம், பக்கத்துக்குப் பக்கம் சாமி படம் வேறு. நான் முக்கு கோப்பிக்கடை தவ்கேயிடம் (முதலாளியிடம்) பழைய சீனப் பேப்பர் ஒரு கட்டு வாங்கி வந்தேன். "அதுல மட்டும் எழுத்து இல்லையா பாட்டி?" என்று மகள் கேட்டாள். "நமக்குப் படிக்கத் தெரியாதுல்ல, பரவால்ல" என்றார் அம்மா. மணிக்கு அந்த வித்தியாசமும் கிடையாது. பேப்பரைக் கிழித்து விளையாடிவிட்டு, பக்கத்தில் தரையில் ஒண்ணுக்கு இருந்தது.

இப்போது அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். நைட் ஷிப்ட் முடிந்து ஏழரைக்கு வருகிறேன். சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஹாலில் கால் வைத்தேன், ஸ்டாக்கிங் சதக்கென்று நனைந்தது. முந்தின நாள்தான் மச்சான், என் மனைவியின் அண்ணன், போனில் சொல்லியிருந்தார்: "மூஞ்சிய அதுலயே வெச்சுத் தேய்டா, ரெண்டே நாள்ல திருந்திடும்." பேப்பரைச் சுருட்டி இரண்டு போட்டேன். கழுத்தைப் பிடித்து ஈரத்தில் மூக்கைத் தேய்த்தேன். குட்டி சத்தமே போடவில்லை. காது இரண்டும் மண்டையோடு ஒட்டிக்கொண்டது, மல்லாந்து வயிற்றைக் காட்டியது, அப்படியே இன்னும் கொஞ்சம் ஒண்ணுக்கு விட்டது. என் கைமேல். திமிரைப் பார் என்று நினைத்தேன். அது பயத்தில் தானாகப் போவது என்று அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாளிலிருந்து ஹால் சுத்தம். வேலை செய்கிறது என்று மச்சானுக்குப் போன் போட்டுப் பெருமையடித்தேன். நான்காம் நாள் அம்மா தைக்க உட்கார்ந்தபோது நாறியது. பழைய சிங்கர் மெஷின், கால் மிதிக்கும் இரும்புப் பலகைக்கு அடியில் மூன்று நாள் சரக்கு. சப்பாத்து அலமாரிக்குப் பின்னால் இன்னொரு குளம். இதைவிட மோசம், வெளியே கூட்டிப் போனாலும் என் முன்னால் போகமாட்டேன் என்றது. ராத்திரி மூன்று மணிக்குத் தூறலில் போர்ச்சில் இருபது நிமிடம் நிற்கிறேன். அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு அடக்கிக்கொண்டு நிற்கிறது. உள்ளே வந்து நான் விளக்கை அணைத்ததும் மெஷினுக்கு அடியில் சொர்ரென்று சத்தம். அழுகையே வந்துவிட்டது.

இரண்டாவது ஊசிக்குப் போனபோது டாக்டரிடம் வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அந்தம்மா திட்டவில்லை. "இங்கே போகாதே என்று அது கற்றுக்கொள்ளவில்லை. இந்த ஆள் பார்க்கும்போது போகாதே என்று கற்றுக்கொண்டது" என்றார். அதுதான் உங்கள் சோபா விஷயத்துக்கும் பதில் என்று நினைக்கிறேன். ஆற அமரக் கண்டுபிடித்துத் திட்டினால் எதற்குத் திட்டு என்று அதற்குப் புரியாது. நாம் முறைத்தால் அது தலையைத் தொங்கப்போடுகிறதே, தப்பு தெரிந்து அப்படிச் செய்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். நம் முகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது, அவ்வளவுதான்லா.

அவர் சொன்ன கணக்கு இது. எத்தனை மாதக் குட்டியோ அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவதுதான் அது அடக்கக்கூடிய அதிகபட்ச மணி நேரம். இரண்டு மாதம் என்றால் மூன்று மணி நேரம், அதுவும் தூங்கும்போது. முழித்து ஓடிக்கொண்டிருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. தூங்கி எழுந்தவுடன், விளையாடி நின்றவுடன், சாப்பிட்டுக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் கட்டாயம் போகும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் வேலைக்குப் போகிறவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். காலை எட்டுக்குப் போய்ச் சாயங்காலம் ஆறுக்கு வந்து "ஏன் இங்கே போனாய்" என்று கேட்டால் அது என்ன செய்யும்? நானும் எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வந்துதான் அடித்தேன். எங்கள் தொழிற்சாலை லைனில் ஒருவர் கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் இன்னொருவர் வந்து நிற்க வேண்டும், அதற்கே நாங்கள் முணுமுணுப்போம். சரி, அது வேறு கதை.

துடைப்பதும் முக்கியம். நான் வாசனைத் தரைத் திரவம், குளோராக்ஸ் பிளீச் என்று ஊற்றினேன், அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். நம் மூக்குக்குப் போய்விடும், அதன் மூக்குக்குப் போகாது. அமோனியா கலந்த திரவம் என்றால் இன்னும் மோசம், மூத்திர வாடையே அதுதானே, இதுதான் இடம் என்று திரும்ப வரும். மிருகக் கடைகளில் என்சைம் திரவம் விற்கிறார்கள், அதைத்தான் ஊற்ற வேண்டும். ஊற்றியதும் துடைக்காமல் கொஞ்ச நேரம் ஊற விட வேண்டும்.

இதெல்லாம் தெரிந்துகொண்டு நல்லபடியாக ஆரம்பிக்கலாம் என்று பார்த்தால் தண்ணீர்த் தடை. பினாங்கில் இருப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும், 2024 ஜனவரி 10ஆம் தேதியிலிருந்து நான்கு நாள், சுங்கை டுவா சுத்திகரிப்பு நிலையத்தில் வால்வு மாற்றினார்கள். 15ஆம் தேதி பொங்கல். வீட்டிலிருந்த வாளி, அண்டா, புதிதாக வாங்கிய குப்பைத் தொட்டி எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்து, அதில் சமையலுக்கு இவ்வளவு, குளிக்க இவ்வளவு, நாய் மணிக்கு இவ்வளவு என்று என் மனைவி பாகம் பிரித்தாள். மணி வீட்டுக்குள் போனது ஒரு நாளைக்கு ஒன்பது தடவை என்று மகள் எண்ணி நாள்காட்டியில் கோடு போட்டாள்.

தண்ணீர் வந்ததும் பொங்கலுக்கு முன்னால் போர்ச்சை ஜெட் போட்டு அடித்துக் கழுவலாம் என்றால், என் வாட்டர் ஜெட் மச்சான் வீட்டில். 2023 தீபாவளிக்கு வாங்கிப் போனது. "நாளைக்குக் கொண்டாந்து தர்றேன்" என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை. கேட்டால் மனைவி முகம் மாறுகிறது, "எங்க அண்ணன் என்ன தூக்கிட்டா ஓடிட்டாரு?" என்று. 380 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து வாங்கியது. போன தைப்பூசத்துக்கு அவர் வீட்டுக்குப் போனேன், அதை வைத்து அவர் காரைக் கழுவிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் "நல்ல பிரஷர்டா" என்றார். எனக்கு நாய் வளர்க்கச் சொல்லிக்கொடுத்த ஆளும் இவரேதான். அவர் வீட்டு நாய்கள் ஆண்டு முழுக்கச் சங்கிலியில்.

விஷயத்துக்கு வருகிறேன். மணியைப் பழக்கியது நான் இல்லை, அம்மா. அவருக்கே அது தெரியாது. காலை ஐந்தரைக்கு எழுந்து கேட்டைத் திறந்து வாசல் கூட்டி, சின்னதாக ஒரு கோலம் போடுவார். குட்டி அவர் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டே பின்னால் போகும். அது அவர் கண்ணெதிரே கேட் ஓரப் புல்லில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போனதை ஒரு நாள் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என் முன்னால் ஒரு சொட்டு விடாத நாய்! அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "போடா ராசா, ஒண்ணுக்குப் போ, ஆங், அப்படித்தான்" என்று என்னைச் சின்ன வயதில் சொன்ன அதே ராகத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். முடித்ததும் மடியிலிருந்து ஒரு துண்டு மேரி பிஸ்கட். நாய் பிடிக்காதாம்!

டாக்டரிடம் சொன்னபோது சிரித்தார். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே சொல், முடித்த அந்த நொடியிலேயே பாராட்டு, இதைத்தான் காசு வாங்கிக்கொண்டு சொல்லித்தருகிறார்கள் என்றார். அப்புறம் நாங்கள் எல்லோரும் அம்மா சொல்வதையே சொன்னோம். நான் தூங்கும்போது மகள், அவள் படிக்கும்போது மனைவி, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை தூக்கிக்கொண்டு போய் அதே புல்லில் விட்டோம். ராத்திரிக்கு ஒரு கூண்டு, நின்று திரும்பிப் படுக்கும் அளவுக்கு மட்டும். படுக்கும் இடத்தை நாய் சாதாரணமாக நாசம் செய்யாது, கூண்டு பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து இன்னொரு மூலையில் போய்விடும். "கூண்டில் அடைப்பதா" என்று கேட்பவர்களுக்கு, கதவைத் திறந்து வைத்தாலும் அது இன்றைக்கும் அதில்தான் போய்ப் படுக்கிறது.

சீனப் பெருநாள் (சீனப் புத்தாண்டு) வரும்போது பழகிவிட்டது என்றே நினைத்தோம். எட்டாம் நாள் இரவு, ஹொக்கியன் சீனர்கள் வான தேவனுக்குப் படைக்கிற இரவு, பன்னிரண்டு மணிக்குத் தீவு முழுக்க வெடி. காலையில் பார்த்தால் மறுபடி மெஷினுக்கு அடியில். கை தானாகப் பேப்பரைத் தேடியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எடுக்கவில்லை. ஒரு வாரம் திரும்ப முதலிலிருந்து. நாள்காட்டியில் மகள் கோடு போடுவதை நிறுத்தியது ஏப்ரல் மாதத்தில். எத்தனை நாள் என்று கேட்டீர்களே, எங்களுக்கு மூன்றரை மாதம். யாராவது ஏழு நாள் என்றால், அவர்கள் வீட்டில் நாள் முழுக்க ஆள் இருக்கிறது என்று அர்த்தம்.

நீங்கள் அடுக்குமாடியில் இருந்தால் பால்கனியில் ஒரு தட்டில் புல் வைத்துப் பழக்குங்கள். தடுப்பூசி வரிசை முடியும்போது குட்டிக்கு ஏறக்குறைய பதினாறு வார வயது ஆகிவிடும், அதுவரை மற்ற நாய்கள் புழங்கும் திடலுக்குக் கொண்டு போகாதீர்கள், குட்டிகளைக் கொல்லக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். பகலில் ஒரு தடவையாவது வந்து பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசு கொடுங்கள். துளித்துளியாக அடிக்கடி போனாலோ ரத்தம் தெரிந்தாலோ பழக்கத்தைக் குறை சொல்லாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழிவை லோங்காங்கில் தள்ளிவிடாதீர்கள், அது நான்கு வீட்டு வாசலைத் தாண்டித்தான் போகிறது. எங்கள் பக்கத்து வீட்டு மலாய்ப் பெரியவர் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை, அதனாலேயே நான் பையில் அள்ளிக் கட்டிப் போடுகிறேன்.

ஏற்கெனவே அடித்துவிட்டீர்கள் என்றால், இப்போதைக்கு வெளியே கூட்டிப் போகும் வேலையை அடிக்காத ஆளிடம் கொடுங்கள். என்னிடம் மணி சகஜமாக அதற்குப் பிறகும் நாளானது. போன மாதம் அம்மா தங்கை வீட்டுக்குத் தைப்பிங் போய் ஒரு வாரம் தங்கினார். முதல் நாள் காலை கைலியோடு நான்தான் கேட்டைத் திறந்தேன். மணி புல்லில் நின்று என்னைப் பார்த்தது, கேட்டைப் பார்த்தது, மறுபடி என்னைப் பார்த்தது. "ஒண்ணுக்குப் போ" என்றேன். நகரவில்லை. அக்கம்பக்கம் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலை மெலிசாக்கி, அம்மா இழுக்கிற மாதிரியே இழுத்து, "போடா ராசா, ஆங், அப்படித்தான்" என்றேன். உட்கார்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சுபு (விடியற்காலைத்) தொழுகைக்கு மோட்டாரை உருட்டிக்கொண்டு வந்த பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒன்றும் கேட்காதவர் மாதிரி வானத்தைப் பார்த்துக்கொண்டு போனார்.